விளக்கு நன்றாக இருக்கிறது என்றேன்

அத்தான்,

இன்று காலை நம் கிடங்கு வாசலில் ஒரே டீசல் புகை. மட்டாஞ்சேரி பஜாரில் இப்போதெல்லாம் எந்நேரமும் அந்தப் புகைதான். சுக்கு வாசனையைக்கூட அமுக்கிவிடுகிறது. மூக்கு பழகிப்போயிருந்தது. ஆனால் இன்று வந்து நின்றவை நமக்கென்று வந்த வண்டிகள். தரகர் இரண்டு பிக்கப் வண்டிகளைக் கொண்டுவந்து, இரண்டையும் ஓடவிட்டபடி நிறுத்தியிருந்தார். அக்கா சுக்கு உலர்த்தும் முற்றத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

"ரெண்டுல எதுன்னு நீயே பாத்துச் சொல்லு தம்பி. அவுக இருந்தா அவுக பாத்திருப்பாக."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு மிளகு மூட்டைமேல் உட்கார்ந்தேன். நீங்கள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை முதலில் உங்களுக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு வழியில்லாமல் போய்விட்டது.

அப்பா இறந்தபின் வியாபாரத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்று திருநெல்வேலியிலிருந்து அக்காவையும் உங்களையும் இங்கே வரவழைத்தோம். வந்த புதிதில் உங்களுக்கு மலையாளத்தில் 'சாயா' ஒன்றுதான் தெரியும். யாராவது வேகமாகப் பேசினால் உடனே என் முகத்தைப் பார்ப்பீர்கள். நான் தமிழில் சொன்னதும் தலையாட்டிவிட்டு, அதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டீர்கள். உங்களைவிட ஏழு வயது சின்னவன் நான். இந்த ஊரில் உங்களுக்குக் காதும் வாயும் நானாகத்தான் இருந்தேன்.

அப்போது நம் சரக்கெல்லாம் மாட்டுவண்டியிலும் வள்ளத்திலும் வந்துகொண்டிருந்தது. அடிமாலியிலிருந்து மிளகு வந்து சேர்வதற்குள் பாதி நனைந்துவிடும். டீசல் வண்டி ஒன்று வாங்கிவிடுவோம் என்று நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள். விலைக்கு இரண்டு வந்தன. ஒன்று சாம்பல் நிறம், ஒரு கொப்பரை வியாபாரியுடையது. இருக்கை கிழிந்து கயிறு வெளியே தெரிந்தது. கிளம்பும்போது ஊரையே கூட்டும். இஞ்சினைப் பிரித்துச் சரிசெய்ய ஒரு மாதம் ஆகும் என்றார்கள். மற்றது பச்சை, ஏதோ தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. புதுப் பெயின்ட், உருண்டையான மூக்கு. சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பியது. அன்றே ஓட்டிக்கொண்டு போகலாம்.

நீங்கள் சாம்பல் வண்டியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். "இது சத்தம் போடுது, ஆனா பொய் சொல்லல மாப்ளே. ஒரு மாசந்தானே, பொறுப்போம்" என்றீர்கள்.

எனக்குப் பொறுமை இல்லை. அந்த வாரம் தென்காசியிலிருந்து பெண் வீட்டார் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. ஹார்பர் ஸ்டேஷனில் அவர்கள் இறங்கும்போது சொந்த வண்டியோடு போய் நிற்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. உங்களிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்கள். யாரிடமாவது வண்டி இரவல் கேட்டாவது கொண்டுவந்து நிறுத்தியிருப்பீர்கள்.

வண்டி பழுதுபார்க்கும் அவுசேப்பு மேஸ்திரியைக் கூட்டிப்போயிருந்தோம். அவர் பச்சை வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் இருவரும் குனிந்து நின்றோம். அவர் அடிச்சட்டத்தைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மோனே, இது பொட்டியதாணு. விளக்கி வச்சிரிக்குவாணு."

முன்பு எப்போதோ சட்டம் முறிந்திருக்கிறது, உருக்கி ஒட்டவைத்து ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். 'விளக்கி' என்றால் மலையாளத்தில் உலோகத்தை உருக்கி ஒட்டவைப்பது. உங்கள் காதில் விழுந்தது தமிழ் விளக்கு.

"என்ன சொல்லுதாரு? விளக்குங்காரு?"

யோசிக்க ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை அத்தான். வாயில் தயாராக வந்துவிட்டது.

"முன்னால உள்ள விளக்கு ரெண்டும் நல்லா இருக்காம்."

"அப்போ சரி" என்றீர்கள். மேஸ்திரி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, நாம் இருவரும் பேசி முடிவெடுத்ததாகவே எண்ணி, "இனி நிங்ஙளுடெ இஷ்டம்" என்று போய்விட்டார். பச்சை வண்டி வீட்டுக்கு வந்தது. பெண் வீட்டாரை அதில்தான் ஏற்றிக்கொண்டு வந்தோம். மாமனார் முன்னிருக்கையில் உட்கார்ந்து பாலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். நீங்கள் ஓட்டினீர்கள். நான் பின்னால் நின்றுகொண்டு, கடைத்தெருவில் யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வந்தேன். கல்யாணம் முடிந்தது.

இரண்டு மழைக்காலம் அந்த வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. ஆரம்பத்தில் நீங்கள் மலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று வாசல்வரை வருவேன். நாளாக ஆக வாசலுக்கு வருவதும் நின்றது. ஒன்றும் ஆகவில்லையே, இனிமேல் சொல்லி என்ன என்று தோன்றிவிட்டது. இதற்குள் நீங்களும் மலையாளம் பேசப் பழகிவிட்டீர்கள். மேஸ்திரியோடு சாயாக்கடையில் உட்கார்ந்து நீங்கள் சிரித்துப் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் கடைக்குள் வராமல் அப்படியே திரும்பிவிடுவேன். அந்த வார்த்தையை என்றைக்காவது தெரிந்துகொண்டீர்களா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாவது மழையில், துறைமுகத்தில் கப்பல் காத்திருக்க, மிளகு அடிமாலியில் கிடந்தது. நீங்கள் விடிந்ததும் கிளம்பினீர்கள். மறுநாள் பகலில் ஆள் வந்து சொன்னான். மிளகு ஏற்றித் திரும்பும்போது நேரியமங்கலத்துக்கு மேலே மலைப்பாதையில் ஓரத்து மண் சரிந்து, வண்டி மூட்டைகளோடு கீழே போய்விட்டதாம். மூட்டை தூக்கக் கூடப்போன சுமைக்காரன் முன்னமே வெளியே விழுந்ததால் பிழைத்தான்.

நானும் அவுசேப்பு மேஸ்திரியும் போனோம். உங்களை மேலே தூக்கி வந்து பாதையோரத்தில் பாய் போட்டு மூடியிருந்தார்கள். மழை விடவில்லை. பாயின் ஒரு முனை காற்றில் தூக்கிக்கொண்டே இருந்தது. யாரோ அதன்மேல் கல் வைத்தார்கள். நான் உங்கள் பக்கத்தில் உட்காரவில்லை அத்தான். மேஸ்திரியின் பின்னாலேயே வேரைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். வண்டி தலைகீழாகக் கிடந்தது. அவர் அடிச்சட்டத்தின் சேற்றைக் கையால் வழித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"விளக்கியது விட்டிட்டில்ல மோனே. மண்ணிடிஞ்ஞதா."

ஒட்டவைத்தது விடவில்லை, மண் சரிந்ததுதான் காரணம். அதைக் கேட்டதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. பொய் சொல்லவில்லை, சந்தோஷமாகவே இருந்தது. மேலே நீங்கள் பாய்க்கடியில் கிடக்கிறீர்கள், கீழே நான் மழையில் நின்றுகொண்டு மூச்சை இழுத்து விடுகிறேன். என் மேல் பழியில்லை, என் மேல் பழியில்லை என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் நினைவு வந்ததே பாதையில் ஏறிய பிறகுதான்.

இந்த ஒன்பது வருஷமும் மேஸ்திரியின் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினேன். அது விடவில்லை. ஆகையால் நான் சொன்ன பொய்க்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. மேஸ்திரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம்.

இன்று காலை அக்கா உள்ளே தேடி வந்து, "என்ன தம்பி, உடம்புக்கு என்ன செய்யுது?" என்று நெற்றியில் கை வைத்தாள். சொல்லிவிட்டேன். பெண் வீட்டார் வந்தது, மேஸ்திரி சொன்னது, நான் மாற்றிச் சொன்னது எல்லாவற்றையும். கடைசியில் அவசர அவசரமாக, "ஆனா அது விடலக்கா. மேஸ்திரி பாத்தாரு, நானும் பாத்தேன். மண்ணு சரிஞ்சுதான்" என்றேன்.

அக்கா அழவில்லை. கையை எடுத்துக்கொண்டாள். மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அன்னைக்கு விடியக்காலம் மழை ஊத்துச்சு. போகாதீக, கப்பல் போனாப் போகுதுன்னு சொன்னேன். 'என்ன பயம்? மாப்ள மேஸ்திரிட்டக் கேட்டு எடுத்த வண்டி'ன்னுட்டுக் கிளம்பிட்டாக. நீ சொல்லிருந்தா, அவுகள நிறுத்தி வைக்க எனக்கு ஒரு வார்த்தை இருந்திருக்குமே தம்பி."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு வெளியே போய்த் தரகரிடமும் அவர் கூட வந்த மெக்கானிக்கிடமும் அவளே மலையாளத்தில் பேசினாள். இரண்டு வண்டிக்கும் அடியில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. எதை எடுத்தாள் என்று இன்னும் எனக்குத் தெரியாது. மத்தியானம் எப்போதும்போல் சோறு போட்டாள்.

வீட்டைவிட்டு இறங்கும்போது நீங்கள் கடைசியாகச் சொன்னது என்னைப் பற்றி என்பது இன்று காலைவரை எனக்குத் தெரியாது அத்தான். மாப்ள கேட்டு எடுத்த வண்டி. உங்கள் குரலிலேயே கேட்கிறது. கண்ணை மூடினாலும் கேட்கிறது. இனி நான் இருக்கும்வரை இது என் கூடவே இருக்கும்.