டேங்கில் ஒட்டிய தேதி

அன்பு அக்கா,

நேரில் சொன்னால், "போடா, இதுவும் உன் டகால்டிதானே?" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் ரேஸ் காருக்குக் கிண்டியில் நான் மலிவாக வாங்கி வந்த பழைய பெட்ரோல் டேங்கில், கார் கவிழ்ந்தாலும் கிழியாத ரப்பர் பை இருக்கிறதல்லவா? அதன் ஆயுள் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். நான்தான் அந்தத் தேதியின் மேல் ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டினேன்: 'பிப்ரவரி 30, 2029 வரை.'

நீ உடனே கண்டுபிடித்துத் தலையில் ஒரு குட்டு வைப்பாய், சிரித்துவிட்டு வேறு டேங்க் தேடலாம் என்று நினைத்தேன். நீயோ வருடத்தை மட்டும் படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அம்மாவிடம் சொன்னாய்:

"எம்மா, இன்னாத்துக்குப் பயந்துக்கினு கீற? தம்பி நல்லதாத்தான் வாங்கினு வந்துகீறான்!"

பட்டினப்பாக்கம் கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா, அப்போதுதான் நீ ஓட்டச் சம்மதித்தாள். அதைக் கெடுக்க மனமில்லாமல், அது பொய்த் தேதி என்பதை மறைத்துவிட்டேன்.

நாளை ரேஸ். உண்மை தெரிந்தாலும், "ஒரு தபாதானேடா" என்று நீ ஓட்டிவிடுவாய். அதனால் அம்மாவின் மீன் கத்தியால் அந்தப் பையை அறுத்தேன். கஷ்டப்பட வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன், அக்கா. ஒரே இழுப்பில் கிழிந்துவிட்டது.

அம்மாவின் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். குட்டு வைக்க வா.

உன் தம்பி