மண்ணெண்ணெய் மணத்த வைன்

என்னங்க, இன்று சாயந்தரம் கரண்ட் போனது. லாம்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போது கையில் கொட்டிவிட்டது. அந்த மணம் மூக்கில் ஏறியதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை, இவள் மண்ணெண்ணெயை மோந்து சிரிக்கிறாளே என்று பக்கத்து வீட்டுக்காரி நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

அப்போது நாம் கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டிய லயத்தில் இருந்தோம். நீங்கள் துரை பங்களாவில் மேசைக்குப் பரிமாறினீர்கள். நான் கொழுந்து பறித்தேன். மகள் வயிற்றில். கொழும்பு ஹோட்டல் ஒன்றில் வெயிட்டர் வேலைக்கு உங்களை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வைன் ருசி பார்க்கச் சொல்வார்களாம். பிள்ளை லயத்தில் வளரவே கூடாது என்று எனக்குப் பிடிவாதம். அதற்கு அந்த வேலை கிடைத்தாக வேண்டும்.

பழக வேண்டுமென்று, பங்களா விருந்தாளிகள் மிச்சம் வைத்த போத்தலைத் துரையிடம் கேட்டு வாங்கி வந்தீர்கள். ஜெர்மன்காரர்களின் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன், பல வருஷம் வைத்திருந்ததாம். நமக்குத் தெரிந்ததோ கிறிஸ்மஸுக்கு வீட்டில் போடும் வைன், சீனிப்பாகு மாதிரி. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே கீழே வைத்தேன்.

"ஐயோ சாமி! லாம்பத் தொட்ட கையோட டம்ளர எடுத்தீங்களா?"

"சத்தியமா இல்ல புள்ள!"

சாம்பல் போட்டு டம்ளரைத் தேய்த்துவிட்டு மறுபடியும் ஊற்றினீர்கள். அதே மண்ணெண்ணெய். குடித்தால் ஒரே புளிப்பு. சீனி எடுக்க எழுந்தவளைப் பிடித்து உட்கார வைத்தீர்கள்.

"முழுங்காம வாயில கொஞ்சம் வச்சிரு."

வைத்திருந்தேன். நாரத்தந்தோலைக் கடித்ததுபோல ஒரு கூர்மை. அப்புறம் வாய் ஊறியது. இன்னொரு மிடறு நானாகவே கேட்டேன்.

"அங்க போய் மண்ணெண்ணன்னு ஒளறிடாதீங்க. பூவு, பழம்னு சொல்லுங்க."

"மணக்குறத தானே புள்ள சொல்லணும்?"

கோபத்தில் டம்ளரைப் பிடுங்கிக் கழுவிக் கவிழ்த்தேன்.

நேர்முகத்தில் ஊற்றியதும் பழைய ரீஸ்லிங்தானாம். மற்றவர்கள் ஆப்பிள் என்றார்களாம், மல்லிகை என்றார்களாம். நீங்களோ, "பூமிதெல் சுவந்தக் எனவா, சேர்" என்று சிங்களத்தில் மண்ணெண்ணெயைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். எல்லாரும் சிரிக்க, ருசி பார்க்கச் சொன்ன ஹோட்டல் பெரியவர் மட்டும் திரும்ப மோந்து பார்த்துவிட்டு, இந்த வைன் நாள்பட்டால் அப்படித்தான் மணக்கும் என்றாராம். வேலையும் உங்களுக்கே.

கஹவத்தை பஸ்ஸில் வந்து இறங்கி, "புள்ள, மண்ணெண்ணதான் புள்ள!" என்று கத்திக்கொண்டே மேடேறினீர்கள். லயம் பற்றிக்கொண்டது என்று சனம் வாளியோடு ஓடி வந்ததே!

மகளின் ஞானஸ்நானத்துக்கு ரீஸ்லிங் ஒரு போத்தல் கொண்டுவந்து பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரில் குளிரவைத்தீர்கள். பொரித்த மீனோடு குடித்தோம். "இனிப்பு இல்லாதது கொறையில்ல புள்ள. மத்த ருசிக்கெல்லாம் எடம் விட்டிருக்கு" என்றீர்கள். நீங்கள் இல்லாத இந்த வீட்டில் அதைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். அழுகை வராமல் இல்லை. ஆனால் சோறு ருசிக்கிறது, மகள் பாடினால் கேட்கப் பிடிக்கிறது.

வீடு என்றேனே, லயம் இல்லை. டவுனில், உங்கள் சம்பளத்தில் கட்டியது. இங்கே வளர்ந்தவளுக்கு மண்ணெண்ணெய் பழக்கமில்லை. இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னம்மா இந்த நாத்தம்?" என்றாள். அவள் கையை விலக்கினேன்.

"நல்லா மோந்து பாருடி. ஒங்க அப்பா ஒனக்கு வீடு கட்டிக் குடுத்த வாசம்."