சிலிண்டரில் நீங்கள் எழுதிய ஒரு சொல்

சாயங்காலம் சிலிண்டரைத் துடைத்தபோது மஞ்சள் பெயின்டில் உங்கள் கோணல் எழுத்து மறுபடி தெளிந்தது: விடாதீங்க.

சிங்காநல்லூர் பட்டறையில் நாம் சேர்ந்து ஃபிரிட்ஜ் பழுதுபார்த்த காலத்தில் எழுதியது. மனம் தளராதே என்று எனக்குத்தான் சொல்கிறீர்கள் என நினைத்தேன். பத்தாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டவனுக்கு வேறெப்படித் தோன்றும்? நன்றி சொல்ல வந்தவனிடம், "ஏனுங்க, கேஸை வெளிய உடாதீங்கன்னு எழுதுனனுங்க. உங்களை யாரு சொன்னா?" என்றீர்கள்.

பழைய ஃபிரிட்ஜ் கேஸ் மேலே போய் ஓசோனைத் தின்கிறது, தென்துருவத்துக்கு மேல் ஓட்டை விழுந்திருக்கிறது என்று பேப்பரைப் படித்துக் காட்டினீர்கள். "ட்யூப்புல ஓட்டை தேடற மாதிரி சோப்புத் தண்ணி தடவுனா அங்கயும் நுரை வருமுங்களா?" என்று சிரித்தவன் நான்தான். நீங்கள் சிரிக்கவில்லை. ட்யூப்பை வெட்டினால் ஒரு நொடியில் போய்விடும் கேஸை, அரை மணி நேரம் உட்கார்ந்து இந்தச் சிலிண்டரில் பிடித்தீர்கள். கண் மூடும்வரை அப்படித்தான்.

போன வாரம் என் மகள் செயற்கைக்கோள் படங்களைக் காட்டினாள். துருவத்தின் மேல் நீலத் திட்டு. சில வருஷம் பெருக்கிறது, சில வருஷம் இளைக்கிறது. "ஓட்டையில்லீங்கப்பா, மெலிஞ்ச எடம். மொத்தத்துல ஆறீட்டு வருது. முழுசா ஆற நான் கெழவியாகோணும்" என்றாள். நுரை வராது என்று புரிய எனக்கு இத்தனை வருஷம். உங்கள் அரை மணி நேரங்களை அந்த நீலத்தின் ஓரத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தெம்பில்தான் இன்று ஒரு வீட்டில், பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்த தாத்தா காலத்து ஃபிரிட்ஜில் உங்கள் சிலிண்டரை மாட்டினேன். வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "வெட்டி உட்டுப்போடுங்க. யாரு பாக்கறா?"

"மேல இருந்து பாத்துட்டுத்தான் இருக்குதுங்க."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமியில்லீங்க, செயற்கைக்கோளு."

"நீங்க ஒருத்தரு புடிச்சு வானம் ரிப்பேராயிருமாக்கும்? நான் வேற ஆளைக் கூப்புட்டுக்கறேன்."

"கூப்புடுங்க. அவரு வாரதுக்குள்ள புடிச்சு முடிச்சிருவனுங்க."

ஃபிரிட்ஜில் கேஸ் தீர்ந்து கேஜ் முள் இறங்கும்வரை எழவில்லை. இனி அந்த வீட்டில் எனக்கு வேலை கிடையாது. சிலிண்டர் கனத்தோடு வந்தேன்.

நீங்கள் கேஸைத்தான் சொன்னீர்கள். நான் எனக்கும் சொன்னதாகவே இன்னும் வைத்திருக்கிறேன். ரெண்டையும் உடலீங்க.