டீசல் போன வழி

அன்புள்ள அக்கா,

இன்று காலை ஜெலாப்பாங் சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்தோம். மகன் வண்டி ஓட்டினான். முன்னால் நின்ற பழைய லாரியிலிருந்து ஒரு காந்தல் வாடை வந்தது. மகன் கண்ணாடியை ஏற்றப் போனான். "ஏத்தாதடா. அந்த லாரிக்காரர்கிட்ட சொல்லு, பின் சக்கரத்துல பிரேக் ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்பதற்குள் பச்சை விளக்கு விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் இருந்தவரை எழுத அவசியமே வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருந்தீர்கள், தட்டினால் பதில் தட்டுவீர்கள்.

மகனுக்கு அந்தக் கதை தெரியாது. அப்போது அவன் கைக்குழந்தை. எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். நாம் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். தோட்டத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவருக்கும் வேலை போய்விட்டது. உங்கள் வீட்டுக்காரரைப் பெரியவர் என்றும் என்னவரைச் சின்னவர் என்றும்தான் ஊரில் கூப்பிடுவார்கள். இருவரும் சேர்ந்து ஒரு பழைய டீசல் பிக்கப்பை வாங்கினார்கள். பத்து காஜா ஊரைச் சுற்றியிருந்த சிறு தோட்டக்காரர்களிடம் உறைந்த ரப்பர்ப் பாலை, ஒட்டுப்பாலாகவும் கட்டிப்பாலாகவும் வாங்கி, ஈப்போவை ஒட்டி ஜெலாப்பாங்கில் இருந்த ரப்பர் ஆலைக்குக் கொண்டுபோய்ப் போடுவது தொழில். ஒரு நாள் பெரியவர் ஓட்டுவார், மறுநாள் சின்னவர். ஓட்டாதவர் வீடுவீடாகப் போய்ப் பால் எடை போட்டு வைப்பார். நாமிருவரும் விடியலில் அடுத்தவர் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து சமைப்போம். ஒரே வீடு, ஒரே அடுப்பு.

முதலில் திங்கட்கிழமை டேங்கை நிரப்பினால் அந்த வாரம் முழுவதும் ஓடியது. பிறகு வெள்ளிக்கிழமையே முள் கீழே இறங்கியது. அப்புறம் புதன்கிழமை. பெரியவர் ஒரு பட்டறையில் காட்டினார். கரும்புகை இல்லை, எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். வண்டியில் கோளாறு இல்லையென்றால் கோளாறு ஆளிடம்தான் இருக்க வேண்டும் என்று பெரியவர் முடிவு கட்டிவிட்டார்.

அந்தச் சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டிருந்தது நீங்கள்தான்.

"நான் ஓட்டுற அன்னிக்கு முள்ளு அவ்வளவா எறங்கல. நீ ஓட்டுற அன்னிக்குத்தான் எறங்குது" என்றார் பெரியவர்.

"அப்ப நான் டீசலக் குடிக்கிறேனாண்ணே?"

"குடிக்கிறியோ விக்கிறியோ, எனக்கு என்னா தெரியும்."

என்னவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். மறுநாள் ஈப்போவிலிருந்து வரும்போது ஒரு புது மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கி வந்து பின்கட்டில் வைத்தார். இனித் தனிச் சமையல் என்றார். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கேட்டிருப்பதாகவும், பிக்கப்பை விற்றுவிடலாம் என்றும் என்னிடம்தான் சொன்னார், அண்ணனிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சே இல்லை. வண்டிச் சாவியை ஆணியில் மாட்டுவதும் எடுப்பதும்தான்.

நான் பின்கட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் வந்து ஒரு பழைய சாக்கை அதன்மேல் போட்டு மூடினீர்கள்.

"இது இப்ப எரிய வேணாம் புள்ள. டீசல் எங்க போவுதுன்னு மொதல்ல பாப்போம். திருட்டுன்னு தெரிஞ்சா நானே வந்து பத்த வைக்கிறேன்."

"யாரு திருட்டா இருந்தாலுமாக்கா?"

"எம் புருசனா இருந்தாலும்" என்றீர்கள்.

உங்களுக்கு வண்டியைப் பற்றி என்னைவிட அதிகமாக ஒன்றும் தெரியாது. கிளட்ச் எது பிரேக் எது என்றுகூடத் தெரியாது. ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டீர்கள். அன்று இரண்டு ஆண்களையும் வாசலில் நிறுத்தி நீங்கள் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"நாளைக்கு நாலு பேரும் ஈப்போ போறோம்."

"பொம்பளைங்களுக்கு அங்க என்னா வேலை?" என்றார் பெரியவர்.

"நீங்க ஓட்டுனா தம்பி நம்பாது. தம்பி ஓட்டுனா நீங்க நம்ப மாட்டீங்க. ரெண்டு பேரும் முன்னால உக்காருங்க. நாங்க பின்னால சாக்கு மேல உக்காந்து வாரோம். டீசல் போற வழி நாலு பேரு கண்ணுல படாமலா போயிரும்?"

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். டீசல் போடும் எண்ணெய்க் கடையில் டேங்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பச் சொன்னீர்கள். கீழே இறங்கி, டேங்கின் வாயில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடியைப் போடவிட்டீர்கள். அன்று ஏற்றியிருந்தது பழைய ஒட்டுப்பால். அந்த நாற்றம் உங்களுக்கு நினைவிருக்கும், மூன்று முறை குளித்தாலும் தலைமுடியில் தங்கிவிடும். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். கேபினின் பின்கண்ணாடி வழியே இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று வலதுபக்கம் ரோட்டைப் பார்த்தது, இன்னொன்று இடதுபக்கம் ஈயம் தோண்டிவிட்டுப் போன ஈயக்குட்டைகளைப் பார்த்தது. வழி நெடுக ஒருமுறைகூட ஒன்றையொன்று பார்க்கவில்லை. நீங்கள் மூக்கில் கட்டிய துண்டுக்குள் சிரித்தீர்கள். "ரெண்டும் எருமை மாடுலா" என்றீர்கள்.

ஈப்போவுக்குப் பாதி வழியில் ஒரு தேநீர்க் கடை. கடைக்கு முன்னால் ரோடு நன்றாகச் சரிந்திருக்கும். பெரியவர் அங்கே வண்டியை நிறுத்தினார். நீங்கள் இறங்கவில்லை. முகத்தைச் சுருக்கிக்கொண்டு முகர்ந்து பார்த்தீர்கள்.

"புள்ள, ஏதோ தீயுது."

"ஒட்டுப்பால்தாங்க்கா."

"அது எனக்குத் தெரியாதா. இது வேற வாடை."

இறங்கிக் குனிந்து, இடது பின் சக்கரத்தின் பக்கம் முகத்தைக் கொண்டுபோனீர்கள். பிறகு குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரைக் கையில் ஊற்றி, சக்கரத்தின் நடுவில் தெளித்தீர்கள். சுர்ரென்று ஆவி வந்தது. வலது சக்கரத்தில் தெளித்தீர்கள். தண்ணீர் வழிந்து ஓடியது, அவ்வளவுதான்.

"இங்க வாங்க ரெண்டு பேரும்."

பெரியவர் தேநீர்க் குவளையோடு வந்தார். என்னவர் வெறும் கையோடு வந்தார். நீங்கள் மறுபடியும் தெளித்துக் காட்டினீர்கள். பெரியவர் உள்ளே போய்க் கியரை எடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இறக்கிவிட்டார். அந்தச் சரிவில் ஒரு தள்ளுவண்டிகூடத் தானாக ஓடியிருக்கும். பிக்கப் அசையவில்லை.

என்னவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, ஜேக் எங்க வச்ச?"

"சீட்டுக்குப் பின்னால பாரு."

அத்தனை நாள் கழித்து அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். நீங்கள் என் கையைக் கிள்ளினீர்கள்.

ஜேக் வைத்துச் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்தார்கள். இருவரும் சேர்ந்து பிடித்தும் நகரவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது, ஹேண்ட் பிரேக் கம்பியில் ஈயக்குட்டைச் சேறு ஏறி, துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. மேலே கைப்பிடியை இறக்கினாலும் கீழே பிரேக் விடவில்லை. எவ்வளவு காலமாகவோ பிரேக் பிடித்தபடியே அந்த வண்டி இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

அன்றே கம்பியை மாற்றினார்கள். அடுத்த வாரம் டேங்க் வியாழன் வரை தாங்கியது. ஆண்கள் இருவருக்கும் நிம்மதி. இது போதும் என்றார்கள். நீங்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"முன்னெல்லாம் வாரம் முழுக்க ஓடுச்சுல்ல? பாதி கண்டுபுடிச்சிட்டு விட்டா, பாதி சந்தேகம் வீட்டுக்குள்ளயே படுத்துக் கெடக்கும். இன்னொரு நாளு எந்திரிச்சு வரும்."

அதைச் சொல்லும்போது நீங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் என்னவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பாதிச் சந்தேகம் தன்மேல்தான் படுத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

நால்வரும் மறுபடி போனோம். இந்த முறை ஈப்போவில் வேறொரு பட்டறை. பட்டறைக்காரர் வயதான சீனர். மெக்கானிக் என்பதால் பொமன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், தமிழும் மலாயும் கலந்து பேசுவார். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார். செம்மண் புழுதி ஒரு கைப்பிடி கொட்டியது. பிறகு, வண்டி சூடாகுமா என்று கேட்டார்.

பெரியவர் பெருமையாகச் சொன்னார்: "இந்த வண்டி சூடே ஆவாது பொமன். எவ்வளவு ஏத்தம் ஏறினாலும் சூட்டு முள்ளு கீழயேதான் நிக்கும்."

பொமன் சிரித்தார். "அதான் சாலா லா. ஆள் காய்ச்சல் வந்தாலும் சீக்கு, உடம்பு சேஜோக் ஆனாலும் சீக்கு."

சாலா என்றால் தப்பு, சேஜோக் என்றால் குளிர்ச்சி. எஞ்சின் ஓரளவு சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் ஒரு சின்ன அடைப்பு உள்ளே இருக்க வேண்டுமாம், தெர்மோஸ்டாட். நமக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் யாரோ, இந்த ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று கழற்றி எறிந்திருக்கிறார். எஞ்சின் எந்நேரமும் குளிர்ந்தே கிடந்து, டீசல் சரியாக எரியாமல் வீணாகியிருக்கிறது. பொமன் புதிதாக ஒன்று போட்டார். திரும்பி வரும்போது முள் நடுவில் ஏறி நின்றதைப் பெரியவர் கண்ணாடியைத் தட்டி நமக்குக் காட்டினார்.

அந்த வாரம் வெள்ளி மத்தியானம்வரை ஓடியது. நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "இன்னும் ஒண்ணு இருக்கு."

மூன்றாவது முறை சின்னவரை ஓட்டச் சொன்னீர்கள். இந்தத் தடவை ஆலை வரைக்கும் எல்லாரும் போய், சரக்கு இறங்கும்வரை கூடவே இருப்பது என்று திட்டம். ஆலை வாசலில் பெரிய வரிசை. எடை போட முறை வர நெடுநேரம் ஆகும். மற்ற வண்டிகள் எல்லாம் அணைந்து கிடந்தன. நம் பிக்கப் மட்டும் தடதடவென்று உறுமிக்கொண்டே நின்றது.

நீங்கள் இறங்கி ஜன்னலோரம் போனீர்கள். "தம்பி, எதுக்கு ஓடிக்கிட்டே இருக்கு?"

"சும்மாதான் அண்ணி. இப்ப நகந்துரும்."

"நகரல. அணைச்சிரு."

"வேணாம் அண்ணி."

"தம்பி. அணை."

அவர் அணைத்தார். பிறகு நீங்கள் மறுபடியும் போடச் சொன்னீர்கள். சாவியைத் திருகினார். உள்ளே ஏதோ ஒன்று களைத்து முனகிவிட்டு அடங்கியது. அவர் முகம் சிவந்துவிட்டது. பேட்டரி செத்துப்போயிருந்தது, அக்கா. எத்தனையோ மாதமாக.

"முன்ன ஒரு தடவ இங்கயே நின்னு போச்சு" என்றார் என்னவர், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "பின்னால இருந்த லாரிக்காரனுங்க எல்லாம் சிரிச்சானுங்க. தள்ள ஒரு ஆளு வரல. அதுக்கப்புறம் நான் அணைக்கறதே இல்லண்ணே. காலையில ஒரு தடவ எப்படியோ கெளம்பும், அதுல இருந்து சரக்கு எறக்குற வரைக்கும் ஓடவிட்டுருவேன்."

பெரியவர் ஓட்டும் நாளிலும் அது நின்றிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அவருக்கு வெட்கம் கிடையாது. அங்கே நிற்கும் நாலு பேரை அதட்டித் தள்ளச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். வீட்டில் வந்து சொல்லவும் மாட்டார். அவர் ஓட்டும் நாளில் முள் குறைவாக இறங்கியதற்கு அதுதான் காரணம்.

பெரியவர் தம்பி பக்கம் திரும்பினார். பிறகு, "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லடா. நான் தள்ளியிருப்பேன்" என்றார்.

"நீ பத்து காஜாவுல இருப்பியேண்ணே."

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எறங்குங்க, தள்ளுவோம்" என்றீர்கள். ஆலை வாசலில், அத்தனை லாரிக்காரர்களும் பார்க்க, பெரியவரும் நீங்களும் நானும் பின்னாலிருந்து தள்ளினோம். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு டிரைவர்கள் இறங்கி வந்து கைகொடுத்தார்கள்.

தம்பியைச் சொன்ன சொல்லைப் பெரியவர் திருப்பி எடுத்துக்கொண்டதாக எனக்குத் தெரியாது. மறுநாள் காலை அவரே போய்ப் புதுப் பேட்டரியைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் ஆசிட் தண்ணீர் சிந்தி, சட்டை முதுகில் ஓட்டை ஓட்டையாய்ப் போயிற்று. அந்தச் சட்டையை நீங்கள் தூக்கிப் போடச் சொல்லியும் போடவில்லை. அந்த வாரம் முழுக்க டேங்க் தாங்கியது, என்னவரும் தொழிற்சாலைப் பேச்சை விட்டுவிட்டார். தீபாவளிக்கு முறுக்குச் சுட இரண்டு அடுப்பு தேவைப்பட்டது. பின்கட்டில் சாக்கை எடுத்துவிட்டு நீங்களே அதைப் பற்ற வைத்தீர்கள்.

வண்டி அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியது. பிள்ளைகள் வளர்ந்த பின் ஒரே வீடு இரண்டு வீடானது. சண்டையில் ஆகவில்லை, இடம் போதாமல் ஆனது. அதுவும் ஒட்டு வீடு, நடுவில் ஒரு சுவர்.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், அக்கா. நீங்கள் போனதிலிருந்து பெரியவர் மெலிந்துகொண்டே வருகிறார். வயதாகிவிட்டது, துக்கம், என்று உங்கள் பிள்ளைகள் முடித்துவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தேன். பல்செட் தளர்ந்து ஈறு புண்ணாகியிருந்தது. சொல்லவே இல்லை. பத்து காஜாவுக்குக் கூட்டிப்போய்ச் சரிசெய்தோம். கொஞ்சம் சாப்பிட்டார். ஆனாலும் நான் கொடுத்தனுப்பும் தூக்குச்சட்டியில் பாதி சோறு திரும்பி வந்தது. வெறும் வயிற்றில் ஒரு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார், அது குமட்டியிருக்கிறது. அதையும் மாற்றினோம். இன்னும் கொஞ்சம் சாப்பிட்டார்.

நேற்று மதியம் சொல்லாமல் உள்ளே போனேன். தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் மாமா சாப்பிடவில்லை என்று கேட்டேன். "தனியா உக்காந்தா எறங்க மாட்டேங்குதும்மா" என்றார்.

வந்து என்னவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்தார். "அண்ணனா அப்படிச் சொன்னாரு?" என்று மட்டும் கேட்டார்.

நாளை மதியம் சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் போகிறோம். இனிச் சாப்பாடு அங்கேதான். அதன் பிறகும் அவர் தட்டில் மிச்சம் இருந்தால், நான் இன்னும் தேடுவேன்.