நடு அடுக்கு

டத்தோ கிராமாட் சாலை,
பினாங்கு.
21.9.1997

அன்புள்ள தம்பி ஏரம்பமூர்த்திக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீயும் பிள்ளைகளும் மெல்பர்னில் சுகமாக இருக்க வேண்டும். இந்தோனேசியாவில் காடு எரிவதால் இங்கே ஊரெல்லாம் புகைமூட்டம். பினாங்குப் பாலம் கண்ணுக்கே தெரியவில்லை, காயப்போட்ட துணியெல்லாம் கரிவாடை. அப்பா இருமிக்கொண்டே இருக்கிறார்.

பாயான் லெப்பாஸ் பேக்டரி வேலையில் உடம்பு நொந்துவிட்டது. கம்ப்யூட்டர் சிப்பு சோதிக்கும் லைனுக்கான பழைய புரோகிராமை, நீ போனில் விளக்கிய மாதிரியே மூன்று அடுக்காகப் பிரித்து எழுதினோம். மேலே ஆட்கள் பார்க்கிற திரை. கீழே எல்லாம் பதிவாகிற டேட்டாபேஸ். நடுவில், எது தேறும் எது தவறும் என்ற விதிகள் தெரிந்த புரோகிராம் துண்டுகள், ஆப்ஜெக்டுகள். திரை டேட்டாபேஸோடு நேராகப் பேசக்கூடாது, எதுவானாலும் நடு அடுக்கு வழியாகத்தான். அப்போதுதான் ஒன்றை மாற்றினால் மற்றது ஆட்டம் காணாது.

போன வாரம், எல்லாம் சரி என்று திரை முழுக்கப் பச்சையாகவே இருந்தது. ஆனால் கெட்ட சிப்பு பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. தேடித் தேடிக் கண்டுபிடித்தேன். சோதனையில் தவறியதைப் பதிய முடியவில்லை என்று டேட்டாபேஸ் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நடு அடுக்கை எழுதிய ஹனீபா, அந்தப் பிழையை அங்கேயே விழுங்கிவிட்டு மேலே ‘சரி’ என்று அனுப்பும்படி எழுதி வைத்திருந்தான். கேட்டால், மேலே இருக்கிறவங்க பயந்துடக் கூடாதுன்னுதான்க்கா, சரி பண்ணிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்லா என்கிறான்.

அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு பேக்டரி பஸ்ஸில் வந்து உட்கார்ந்ததும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. வீட்டில் நான் வேறென்ன செய்கிறேன்? வேலையை விட்டு வர முடியாது என்று அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நீ வராமல் போனதிலிருந்து அப்பாவும் நீயும் நேராகப் பேசுவதில்லை. எல்லாம் என் வழியாகத்தான். அப்பா உன்னை விசாரித்தார் என்று போனில் சொல்வேனே, அவர் விசாரித்ததே இல்லை. உன் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். அந்தக் கிழவருக்குப் பிடிவாதம், எனக்கென்ன வந்தது என்று நீ சொன்னதை, தம்பி உங்களை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான் என்று அவரிடம் சொன்னேன். உங்கள் இரண்டு பக்கமும் பச்சை. நடுவில் நான்தான் விழுங்கிக்கொண்டு கிடக்கிறேன். களைத்துவிட்டேன் தம்பி.

அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு. அக்டோபர் நடுவில் ஆபரேஷன். வயதானவர், பிள்ளைகள் எல்லாரும் முன்னாடியே வந்து பார்த்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். உனக்குச் சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் கேட்டார். நான் செய்து கொடுக்கவில்லை. போனில் என்றால் இதையும் இனிப்பாக்கிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. டி.வி. செய்தியில் ஆஸ்திரேலியா என்று வந்தால் மட்டும் சத்தத்தைக் கூட்டுகிறார். இது நான் சேர்த்துச் சொல்வதில்லை, நிஜம்.

ஞாயிறு காலைகளில் நான் கோயிலுக்குப் போய்விடுவேன். வீட்டில் அப்பா மட்டும்தான் இருப்பார், போன் அடித்தால் அவர்தான் எடுக்க வேண்டும். நீ என்று தெரிந்ததும் வைத்துவிடுவார். மறுபடியும் அடி. திட்டினால் முழுக்கக் கேட்டுக்கொள். பிறகு என்னைக் கூப்பிட்டு, அப்பா மனதில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்காதே. எனக்கு இனிமேல் தெரியாது.

நீங்கள் இருவரும் பேசி முடிக்கிற அளவுக்காவது தண்ணீர்மலையான் முருகன் நாள் கொடுக்கட்டும்.

உன் மேல் கோபமில்லாத
அக்கா யோகலட்சுமி