அடைக்கு வைத்த இரும்பு

அப்பா,

இன்று காலை எங்கள் சிவப்புக் கோழி கூட்டை விட்டு எழும்ப மறுத்தது. கையைக் கிட்டக் கொண்டுபோனதும் இறகை உப்பிக்கொண்டு கொர்ரென்று சீறியது. வைக்கோலும் இறகுச் சூடும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியவுடன் உங்கள் நினைவுதான் வந்தது.

மாமி குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அடை கிடக்குது பிள்ளை. முட்டையை வைச்சுவிடு. கரித்துண்டும் ஒரு இரும்பும் போட மறந்திடாதை. மாரி இடிக்கு முட்டை கூழாகிப் போடும்" என்றார்.

வீட்டு வளவுக்குள் தேடினால் இரும்புக்கா பஞ்சம்? நான் தேடவில்லை. புளியங்குளம் சந்திக்குப் போய்ப் புது ஆணி ஒன்று வாங்கி வந்தேன். "இரும்புக்குக் காசு குடுத்தவளை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று மாமி சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அவருக்கு நான் இன்னும் அந்தக் கதையைச் சொல்லவில்லை.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து நம் காணிக்குத் திரும்பி, தகரக் கொட்டிலில் இருந்த காலம் அது. நிவாரணத்தோடு கொஞ்சம் கோழிக்குஞ்சுகளும் தந்தார்கள். அவை வளர்ந்து முட்டையிடத் தொடங்கிய பிறகு நம் வீட்டில் சிரிப்பு திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் நானும் தங்கச்சியும் புத்தகப் பையை எறிந்துவிட்டுக் கூட்டுக்குள் கைவிட ஓடுவோம். இளஞ்சூடான முட்டையை மூடிய கண்மேல் ஒற்றிக்கொள்வோம். நீங்கள் வானொலிக் குரலில் செய்தி வாசிப்பீர்கள்: "கறுப்பி முட்டை போட்டிட்டா. வெள்ளைச்சி இன்னும் யோசிச்சுக்கொண்டிருக்கிறா."

"கோழியளுக்கெல்லாம் பேர் வைச்சிருக்கிறியள், என்னை மட்டும் 'இஞ்சேர்' எண்டுறியள்" என்பார் அம்மா.

கறுப்பி முதன்முதலாக அடை கிடந்தபோது பனையோலைக் கடகத்தில் வைக்கோல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, கரித்துண்டும் போட்டீர்கள். இரும்புக்கு அலையவேண்டி இருக்கவில்லை. அந்த மண்ணில் மண்வெட்டி போட்ட இடமெல்லாம் இரும்புதான். மரவள்ளிக்குக் கிடங்கு வெட்டும்போது ஒரு துண்டு வந்திருந்தது. கைக்குள் அடங்கும், கட்டையானது, மண்ணும் துருவும் அப்பியது. "தண்ணிப் பம்பின்ரை ஏதோ துண்டாக்கும்" என்று இடுப்பில் உடுத்திருந்த சாரத்தில் துடைத்து முட்டைகளுக்கு நடுவே வைத்தீர்கள். கடகம் இருந்த தகரத்துக்கு மறுபக்கத்தில்தான் நாங்கள் நாலு பேரும் படுத்தோம்.

குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கியிருந்தது. கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகும் பக்கத்து வளவு அக்கா முட்டை வாங்க வந்தார். நீங்கள் பெருமையோடு கறுப்பியைத் தூக்கி, அடை முட்டைகளை அவருக்குக் காட்டினீர்கள்.

"அண்ணை." அவரது குரல் தாழ்ந்திருந்தது. "கோழியை விடாதேங்கோ. அப்பிடியே பின்னுக்கு வாங்கோ."

"ஏன் பிள்ளை, பாம்பே?"

"பாம்பில்லை. அந்த இரும்பு... வெடிக்காத குண்டண்ணை. வாங்கோ."

நீங்கள் வந்தீர்கள். அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடினார். வேலிப் படலையடியில் கறுப்பி உங்கள் கையைக் கொத்தித் துள்ளி விழுந்தது. நேரே கொட்டிலுக்குள் ஓடி மறைந்தது. அதன் பின்னால் போக நீங்கள் காலெடுத்து வைக்க, அந்த அக்கா உங்கள் சேட்டுக் கழுத்தைப் பிடித்து இழுத்தார்.

"விசரே அண்ணை உங்களுக்கு! பிள்ளையளைப் பாருங்கோ!"

அயலவர்களையும் கூட்டிக்கொண்டு, வீடுகளைத் தாண்டி ஒழுங்கையின் கடைசிக்குப் போனோம். குண்டெடுக்கும் ஆட்கள் வரும்வரை அங்கேயே நின்றோம். அடைக்கோழி சும்மா படுத்திராது. அலகால் முட்டைகளைப் புரட்டிப் புரட்டி விடும். படுக்கையில் தகரத்தில் காதை வைத்து நாங்கள் ஆசையோடு கேட்ட சத்தம் அது. சில வேளை அலகு இரும்பிலும் படும். ஒழுங்கைக்கு எதுவும் கேட்காது. எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்பா, கறுப்பி இப்பவும் முட்டை உருட்டுவாவல்லே?" என்று தங்கச்சி கேட்டாள்.

பதுங்குகுழிக்குள் இருக்க மேலே செல் குண்டு விழுந்த நேரத்திலும் பகிடி விட்ட மனிதர் நீங்கள். அன்று தங்கச்சியைத் தூக்கி அவளின் காதை உங்கள் நெஞ்சோடு பொத்திக்கொண்டீர்கள். செல்லடிக்கே பகிடி விட்டவர் இப்படிப் பயந்தால், நாங்கள் இனித் தப்ப மாட்டோம் என்று நினைத்தேன்.

பின்னேரம்தான் வந்தார்கள். ஒருவர் தனியே உள்ளே போனார். அவர் திரும்பி வரும்வரை அம்மா கும்பிட்டபடியே நின்றார். அதைத் தூர வெளிக்குக் கொண்டுபோய் வெடிக்க வைத்தபோது காலின் கீழே நிலம் உதறியது. தங்கச்சி சிறுநீர் கழித்துவிட்டாள். இரண்டொரு நாளில் குஞ்சுகள் பொரித்தன. "இந்த இடிக்கும் கூழாகேல்லை, பாத்தியளே?" என்றீர்கள். நாங்கள் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து கூட்டுக்குள் கைவிட எங்களை நீங்கள் விடவே இல்லை. "முட்டை எடுக்கிறது இனி என்ரை உத்தியோகம்." தங்கச்சி கோபித்துக்கொண்டு உங்களுக்கு 'முட்டை மனேச்சர்' என்று பட்டம் வைத்தாள். கூட்டின் முன் குந்தி, "பொறுங்கோ, பொறுங்கோ" என்று கண்ணை மூடிச் சற்று நேரம் அப்படியே இருப்பீர்கள். பிறகு சட்டென்று கையை விட்டு முட்டையோடு எடுப்பீர்கள். எங்களை ஏங்க வைக்கத்தான் அந்த வித்தை என்று கைதட்டுவோம். கடைசி மாதங்களில் மூச்சு வாங்கியபோதும் கதிரையைக் கூட்டடிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து நீங்களேதான் எடுத்தீர்கள். அப்பாவுக்கு முட்டை எடுப்பதில் அவ்வளவு ஆசை என்று செத்தவீட்டில்கூடச் சொல்லி அழுதோம்.

இப்போது என் மகளுக்கு நாலு வயது. "அம்மா, நான் எடுக்கட்டே?" என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். "இல்லைக் குஞ்சு, அம்மா எடுத்துத் தாறன்" என்கிறேன். இந்தக் கூட்டுக்கு வைக்கோல் போட்டவளே நான்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்றாலும் குந்தியதும் கை போக மறுக்கிறது. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

பின்னால் அவள் கைதட்டிச் சிரிக்கிறாள், அப்பா. அம்மா விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைக்கிறாள்.

அப்படியே நினைக்கட்டும்.