கன்னடத்தில் வந்த கடுதாசி

என் வலது கையை என்னிடமே திருப்பிக் கொடுத்த அன்பான டாக்டர் சாப்புக்கு,

மாரண்டஹள்ளியிலிருந்து முனிராஜின் வணக்கம். போன வாரம் உங்கள் மகள் போன் செய்து, நீங்கள் தூக்கத்திலேயே போய்விட்டதாகச் சொன்னாள். எதற்கும் அவசரப்படாத மனிதர், இதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டீர்களே, நியாயமா? வருஷா வருஷம் "அடுத்த வருஷம் வந்து உன் வீட்டுக் களி சாப்பிடுகிறேன்" என்று சொன்னீர்களே, அந்தக் கணக்கு என்ன ஆவது?

உங்களுக்குப் பிடித்த கதையை இன்னொரு தடவை சொல்கிறேன். நூறு தடவை கேட்டவர்தான் நீங்கள். இந்தத் தடவை கடைசியில், உங்களுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்று இருக்கிறது.

எண்பத்தெட்டில் நம் பட்டாளம் இலங்கையில் இருந்தபோது, குண்டுச் சிதறல் பட்டு என் வலது கை கிழிந்த துணியாய் உங்கள் மேஜைக்கு வந்தது. நீங்கள் இரண்டு முறை அறுத்துத் தைத்தீர்கள். அப்புறமும் சீழ் நிற்கவில்லை. ஊரில் எனக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர் தக்காளிக் காடு. கை போனால் மண்வெட்டியை யார் பிடிப்பது? அந்த ஒரு கேள்விதான் எனக்கு.

வீட்டுக்குக் கடுதாசி போட என்னால் முடியாது. உங்களுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. ஆனால் எங்கள் ஊரில் பாதிப் பேர் கன்னடம் பேசுகிறவர்கள், எனக்கும் சரளமாக வரும். "நீனு ஹேளு தம்மா, நானு பரீதீனி" என்றீர்கள். நீ சொல்லு தம்பி, நான் எழுதுகிறேன் என்று. கோலார்க்காரரான உங்கள் வாயிலிருந்து அந்த "தம்மா" வந்ததும் எனக்குப் பாதி வலி போய்விட்டது. பசு கன்று போட்டதா, தக்காளி என்ன விலை போகிறது, தோட்டத்து மோட்டார் ஓடுகிறதா என்று சொல்லிக்கொண்டே போனேன். "கையைப் பத்தி மட்டும் எழுதாதீங்க சாப், லேசான கீறல்னு போடுங்க" என்று கெஞ்சினேன். நீங்களும் தலையாட்டினீர்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் கன்னடம் பேசுவார்களே தவிர, அநேகமாக ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை!

பட்டாளத்து முத்திரை, யாரோ ஒருவர் கையெழுத்து, உள்ளே முழுக்கக் கன்னடம். ரேடியோவில் தினமும் சண்டைச் செய்தி வேறு. கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த என் அத்தை தீர்ப்பே சொல்லிவிட்டாள்: "சாவு சேதிய நம்ம பாஷையில எழுத அவுங்களுக்கு மனசு வரல சாமி, அதான் கன்னடத்துல எழுதிப்புட்டாங்க!" அவள் பெண்ணைக் கட்டவில்லை என்று இரண்டு வருஷமாக என்னோடு பேசாதவள் அவள். அன்று என்னைத் தங்கம், வைரம் என்று புகழ்ந்து வைத்த ஒப்பாரியை நேரில் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

என் பெண்டாட்டி மாதம்மா மட்டும் அழவில்லை. யாரோ அவள் நெற்றிப் பொட்டை அழிக்கக் கை நீட்டியபோது தட்டிவிட்டாளாம். "என்ன எழுதியிருக்குதுன்னு தெரியாம நான் எதுக்குங்க அழோணும்? பெங்களூருக்கு லோடு போன பாய் வரட்டும், அவருக்குப் படிக்கத் தெரியும்" என்று கடுதாசியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தக்காளி மண்டி வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் பாய் லாரியிலிருந்து இறங்கினார். நாலு வரி படித்ததும் நிமிர்ந்தார். "ஏம்மா, செத்தவன் எங்கியாச்சும் மாடு கன்னு போட்டுச்சான்னு கேப்பானா? எல்லாரும் போயி ஒல வையுங்க!" கூட்டம் சிரித்த சிரிப்பில் அத்தை ஒருத்திதான் கோபித்துக்கொண்டு போனாளாம், அழுத அழுகை வீணாய்ப் போயிற்றே என்று.

கடைசிப் பக்கம் வந்ததும் பாய் நிறுத்தி, மாதம்மாவை லாரிப் பக்கம் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் படித்தார். எட்டிப் பார்த்தவர்களை, "புருசன் பொண்டாட்டி சங்கதி, உங்களுக்கென்ன?" என்று விரட்டினார். பின்னாளில் ஊரே என்னைக் கேலி செய்தது. அப்படி ஒன்றும் நான் சொல்லவில்லையே! நீங்களாக இரண்டு வரி இனிப்பாகச் சேர்த்துவிட்டீர்கள் என்று நினைத்து, கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன். மாதம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன்டி, கை என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?" என்றேன். "கைதான் கூடவே வந்திருக்குதே. வூட்டுக்கு வாங்க, களி ஆறுது" என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று இத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். உங்களிடமும்தான். நீங்கள் சிரித்தீர்கள்.

உங்கள் மகளின் போன் வந்த அன்று, மாதம்மா பெட்டியைத் திறந்து அந்தக் கடுதாசியை எடுத்தாள். அவளுக்கு இன்னும் கன்னடம் படிக்கத் தெரியாது. பாய் படித்ததை மனப்பாடமாக வைத்திருக்கிறாள். "இனிமே சொன்னா தப்பில்லீங்க" என்று ஆரம்பித்தாள்.

"அம்மா, இதை உங்கள் கணவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கீறல் என்பது பொய். கை போனாலும் போகலாம், நான் விடமாட்டேன். எப்படி வந்தாலும் முதலில் கையைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். இது நமக்குள் இருக்கட்டும்."

சாப், நான் அழுதேன். அவள் அன்று அழாததையும் சேர்த்து அழுதாள்.

இரண்டு விரல் மடங்காது, அவ்வளவுதான். மண்வெட்டி பிடிக்கிறேன், களி கிண்டுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் மாதம்மாவும் கேழ்வரகு மாவோடு உங்கள் வீட்டுக்குப் போகிறோம். உங்கள் அடுப்பில் இந்தக் கையாலேயே களி கிண்டி உங்கள் பிள்ளைகளுக்குப் போடுவேன், இது சத்தியம். நேற்று உங்கள் மகளுக்குப் போன் செய்து ஒன்று சொல்லிவிட்டேன்: அன்றைக்கு அவள், அப்பா தைத்த என் கையை நன்றாகப் பார்க்க வேண்டும், முகத்தைப் பார்க்கக் கூடாது.

என்றென்றும் உங்கள் தம்மா,
முனிராஜ்